உடையாத பொருள் பேசாது

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள், டென்மார்க்கின் இந்த யூலண்ட் காற்றுக்கு மரியாதை தெரியாது. சின்னதுகள் பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் பேயும் இல்லை, இரத்தமும் இல்லை. நன்றாகப் படித்த, மெதுவாகப் பேசுகிற, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அதற்காகத்தான் கதவைச் சாத்தச் சொன்னேன்.

இக்காஸ்ட் என்கிற ஊரில் மேரிகிறேஸ் என்று ஒரு மன்னார்ப் பெண் இருந்தாள். துணி ஆலையில் வேலை செய்தாள், ஆலை மூடியது. பள்ளிக்கூடம் துடைத்தாள், அந்த வேலையை ஒரு மெசின் எடுத்துக்கொண்டது. அவளுடைய கணவன் டெனிஸ்ரனுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துபோயிருந்தது. அவனைக் கொமூன என்கிற நகரசபையின் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருந்தார்கள். நோய் அவனுடைய எல்லாச் சொற்களையும் கொண்டுபோய்விட்டு ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. எதைக் கேட்டாலும் ‘ஓம்’, அதாவது ஆமாம், என்பான். பசிக்கிறதா என்றாலும் ஓம், பசிக்கவில்லையா என்றாலும் ஓம். இதனால் இல்லத்தில் அவனுக்கு மிகவும் ஒத்துழைப்பான மனிதர் என்று பெயர்.

வீட்டில் இருந்தவளை வேலை தேடித் தரும் அலுவலகம் ஓர் இடத்துக்கு அனுப்பியது. இக்காஸ்டுக்கும் ஹேர்னிங்குக்கும் நடுவில், வயல் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டடம். அதன் பெயர் பொருள் ஆயுள் நிலையம். ஒரு பொருள் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அங்கே தொழில். ஒரு நாற்காலி பத்து வருடம் தாங்குமா என்று பார்க்கப் பத்து வருடம் காத்திருக்க முடியாது அல்லவா? ஆகவே பத்து வருடத்துக் கஷ்டத்தைச் சில வாரங்களுக்குள் அதன்மேல் இறக்குவார்கள். அது எப்போது உடைகிறது என்று பார்த்து, அமைதியான வீட்டில் அது எவ்வளவு காலம் இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். வாசல் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: உடையாத பொருள் பேசாது.

முதல் நாள் உள்ளே போனபோது அங்கே கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. மேசையில் சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடிகள், டேனிஷ்காரர் பிறந்தநாளுக்கு வைக்கிறவை. நடுவில் பெரிய கிறீம் கேக். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து மேரிகிறேஸ் கைகொடுத்து வாழ்த்தினாள். பிறந்தநாள் இல்லை. ஒரு நாற்காலி உடைந்திருந்தது.

நிலையத்தின் வழக்கம் அதுதான். ஏதாவது உடைந்தால் கொடி வைத்துக் கேக் வெட்டுவார்கள். உடைந்த பொருளை மேசைத் தலைமாட்டில் வைப்பார்கள். இயக்குநர் லோத்தே, கழுத்தில் பெரிய மணிமாலை போட்ட உயரமான பெண், எழுந்து பேசுவாள். டேனிஷில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

“நண்பர்களே, இந்த நாற்காலிக்கு நாங்கள் நிம்மதி கொடுத்த காலம் முழுவதும் அது எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கஷ்டம் கொடுத்தோம், உடனே மனம் திறந்தது. மனிதர்களிடமும் இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மேரிகிறேஸும் தட்டினாள். நாற்காலியின் முறிந்த காலைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் கேக் நல்ல கேக்.

அவளுக்குக் கொடுத்த வேலை லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது. மாடிக்குப் போகிற லிஃப்ட் இல்லை. எழும்ப முடியாத மனிதரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இருத்துகிற மெசின். கீழே சக்கரம், மேலே வளைந்த இரும்புக் கை, கையின் நுனியில் கொக்கி, கொக்கியில் ஒரு துணி. அந்தத் துணிக்குள்தான் ஆள். நிலையத்தில் ஆளுக்குப் பதில் மணல் மூட்டை. சுவர் ஓரமாக ஒரு வரிசை லிஃப்டுகள் நின்று, காலையிலிருந்து மாலைவரை மணல் மூட்டைகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கும். மாதா கோயில் பூசையில் முழங்காலில் நின்று எழும்புகிற சனம் மாதிரி இருந்தது என்று அவள் பிறகு சொன்னாள்.

கணக்குப் போடுகிறவன் ரகுராம். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கண்ணாடி போட்டவன், மனைவியும் ஒரு கைக்குழந்தையும் ஹேர்னிங்கில். தமிழ் கதைக்க ஆள் கிடைத்த சந்தோசத்தில் எல்லாவற்றையும் விளக்கினான்.

முன்பெல்லாம் ஒரே பாரத்தை வைத்துத்தான் சோதித்தார்களாம். இப்போது நிலையத்தின் பெருமையே புது முறைதான். பாரம் வாரத்துக்கு வாரம் மாறும். இந்த வாரம் ஒரு மனிதப் பாரம், அடுத்த வாரம் ஒன்றரை, அதற்குப் பிறகு இரண்டு, நடுவில் திடீர் என்று ஒரு உலுக்கல். காலத்தோடு மாறும் அழுத்தம் என்று அதற்குப் பெயர்.

“இதுவரைக்கும் பட்டதெல்லாம் அதுக்குள்ள கூடிக்கிட்டே போகும் ஆன்ட்டி. எப்ப பட்டுச்சு, எப்படிப் பட்டுச்சுங்கறது நம்ம கணக்கு மாடலுக்குத் தேவையில்ல. மொத்தம் எவ்ளோ பட்டுச்சு, அது மட்டும்தான்.”

“அப்ப நடுவில கொஞ்சம் ஆறினா?”

“ரெஸ்ட்டுக்கெல்லாம் மாடல்ல இடம் இல்ல ஆன்ட்டி.”

அவள் தலையை ஆட்டினாள். தன்னைப் பற்றி யாரோ சரியாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

இப்போது கவனமாகக் கேளுங்கள், பிள்ளைகளே, பிழை இங்கேதான் வருகிறது.

மேரிகிறேஸுக்கு ஒரு பழக்கம். பக்கத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்க, தான் மட்டும் இருந்து தேத்தண்ணி குடிக்க அவளால் முடியாது. துணி ஆலையில்கூட, பக்கத்து மெசின்காரி நிற்பாட்டும்வரை போத்தலைத் திறக்கமாட்டாள். இங்கே பக்கத்தில் வேறு ஆள் இல்லை, லிஃப்டுகள்தான். ஆகவே தேத்தண்ணி நேரத்தில் போய் ஒவ்வொன்றாக நிற்பாட்டுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அப்படித்தான். மோட்டரில் கை வைத்துப் பார்த்துச் சுடுகிறது என்றால் ஈரத் துணி போட்டு, ஆறின பிறகு ஓடவிடுவாள். தண்ணீர் இறைக்கிற மெசினை அவளுடைய அப்பா அப்படித்தான் பார்த்தார். மெசின் பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று எண்ணினாள். யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

லிஃப்ட் எத்தனை தரம் தூக்கியது என்று எண்ண வேண்டியது ரகுராமின் கணினி. ஆனால் அது லிஃப்டைப் பார்த்து எண்ணவில்லை, கடிகாரத்தைப் பார்த்து எண்ணியது. இவ்வளவு நேரம் ஆகியிருந்தால் இவ்வளவு தரம் தூக்கியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. மேரிகிறேஸ் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்க, லிஃப்டுகள் ஆறிக்கொண்டிருக்க, கணினி மட்டும் நிற்காமல் தூக்கிக்கொண்டேயிருந்தது.

வாரங்கள் போயின. ஒரு லிஃப்டும் உடையவில்லை.

நிலையத்தில் துக்கம் படிந்தது. வெள்ளிக்கிழமைகளில் கேக் இல்லை. பாரத்தைக் கூட்டினார்கள், உடையவில்லை. மணலை நனைத்தார்கள், உடையவில்லை. பராமரிப்பு இல்லத்தின் காலை நேர அவசரம் போதவில்லை என்று ஒருவர் எழுதிக் கொடுக்க, அழைப்பு மணிகளையும், யாரோ தாதியைக் கூப்பிடுகிற குரலையும் பதிந்து கொண்டுவந்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். லிஃப்டுகள் அதற்கும் மசியவில்லை. அழுத்தப் பிரிவின் தலைவர் மோன்ஸ், பாவம், லிஃப்டுகளுக்கு அழுத்தம் வரவில்லையே என்ற அழுத்தத்தில் தானே நோய் விடுப்பில் போய்விட்டார். அவருக்கு மலர்க்கொத்து அனுப்பினார்கள். அவர் எந்த வாரத்தில் உடைந்தார் என்று ரகுராம் பக்கத்தில் குறித்தும் வைத்தான், பழக்கதோசம்.

லோத்தே எல்லோரையும் கூட்டினாள்.

“ஒரு பொருளும் உடையாவிட்டால் நாங்கள் யாருக்கும் தேவை இல்லை,” என்றாள். “எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று வந்துவிட்டால், பாதுகாப்பைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அந்தக் கவலையை உயிரோடு வைத்திருப்பது எங்கள் பொறுப்பு. ஒன்றாவது உடைய வேண்டும், நண்பர்களே. ஒன்றே ஒன்று.”

அவள் கண்கள் நனைந்திருந்தன. நடிப்பில்லை, பிள்ளைகளே, உண்மையாகவே நனைந்திருந்தன.

அடுத்த வாரம் டெனிஸ்ரனுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேரிகிறேஸ் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், தினமும் காலையில் தூக்கி இருத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொன்னார். டெனிஸ்ரன் ஓம் என்றான்.

மறுநாள் நிலையத்துக்குப் போனால் வாசலிலேயே கொடி. மேசையில் கேக். தலைமாட்டில் ஒரு லிஃப்ட், கை முறிந்து, கொக்கி நிலத்தைப் பார்த்தபடி. அவள் வராத அன்று எல்லாம் நிற்காமல் ஓடியிருந்தன. ஆறவிட ஆள் இல்லை.

அந்த ஒரு முறிவை வைத்து ரகுராம் ஒரு கோடு வரைந்தான். ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளியாவது வேண்டுமே என்று அவனே கேட்க, இரண்டாவது புள்ளி நம்பிக்கை என்றாள் லோத்தே. இத்தனை தரம் தூக்கி, இவ்வளவு பாரம் தாங்கி, ஒன்றுதான் முறிந்தது என்றால் சாதாரண இல்லத்தில் இது மனிதரைவிட நீண்ட காலம் இருக்கும் என்று கோடு சொன்னது. அறிக்கை எழுதப்பட்டது. கையெழுத்து வைக்கப்பட்டது. கொமூன பழைய லிஃப்டுகளைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டு எல்லா இல்லங்களுக்கும் இதையே வாங்கியது. எந்தெந்த இல்லம் என்று சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. டெனிஸ்ரன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்த இல்லத்தின்மேல் ஒரு சின்னக் கொடி குத்தியிருந்தது.

மேரிகிறேஸ் சந்தோசப்பட்டாள். தான் பார்த்து வளர்த்த மெசின் அல்லவா? அந்தச் சந்தோசத்தில்தான் ரகுராமிடம் போய்க் கேட்டாள்.

“தம்பி, அங்க இல்லத்தில இதுகளை மத்தியானம் ஆர் ஆறவிடுறது? நான் போய் ஒருக்காச் சொல்லிக்குடுக்கட்டே?”

“எதச் சொல்லிக் குடுக்கப் போறீங்க?”

“நான் செய்யிற மாதிரி. தேத்தண்ணிக்கு நிப்பாட்டுறது, ஈரத் துணி போடுறது...”

ரகுராம் கண்ணாடியைக் கழற்றினான். திரும்பப் போட்டான். எத்தனை தரம், எவ்வளவு நேரம், எந்த லிஃப்டுக்கு என்று கேட்டான். அவளுக்கு எப்படித் தெரியும்? கை சுட்டால் ஆறவிட்டாள். சில நாள் கூட, சில நாள் குறைய.

“ஆன்ட்டி, அந்த நேரம் பூரா அது தூக்கவேயில்லையே. நான் தூக்குச்சுன்னு எழுதியிருக்கேன்.” குரல் இறங்கிப்போயிற்று. “நெசமா எவ்ளோ தாங்கும்னு இப்ப யாருக்குமே தெரியாது.”

அவளுக்கு மற்றது விளங்கவில்லை. இது விளங்கியது. இல்லத்தில் ஆறவிட மாட்டார்கள். ஒரு லிஃப்ட், ஒரு நடைக்கூடம் முழுக்க ஆட்கள், காலையிலிருந்து ஒருவருக்குப் பின் ஒருவர். ஆறாத நாளில் என்ன நடக்கும் என்று அவள் மேசைத் தலைமாட்டில் பார்த்துவிட்டாள். அந்தத் துணிக்குள் மணல் மூட்டைக்குப் பதில் டெனிஸ்ரன்.

ரகுராம் தன் விசாவைப் பற்றி ஏதோ சொன்னான். குழந்தையைப் பற்றியும் சொன்னான். அவள் அவனுடைய கையைப் பிடித்து, “நான் செய்த பிழை எண்டு நான் சொல்லுறன், நீங்கள் சும்மா பக்கத்தில நிண்டாலே காணும்,” என்று லோத்தேயின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

லோத்தே மெழுகுதிரி கொளுத்திவைத்து, இரண்டு பேருக்கும் கோப்பி ஊற்றி, கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். இப்படிக் கேட்கிற மனிதரை நீங்கள் அதிகம் காணமாட்டீர்கள்.

“நீங்கள் வந்து சொன்னதற்கு மனதார நன்றி,” என்றாள் முடிவில். “மெசின்களிடம் இவ்வளவு அன்பாக இருந்திருக்கிறீர்கள். ஆனால் அறிக்கையில் கையெழுத்து வைத்தாகிவிட்டது, மேரிகிறேஸ். இந்த நாட்டில் எல்லாமே நம்பிக்கையில் நிற்கிறது. கையெழுத்துக்குப் பிறகு உண்மையைத் தேடுவது, நம்பிக்கை இல்லாத நாடுகளின் பழக்கம்.”

“விழுந்தா?” என்று மேரிகிறேஸ் தனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்டாள்.

“விழுந்தால் எங்களுக்குத் தெரியவரும். அதற்குத்தானே இத்தனை இல்லங்கள். இங்கே மணலை வைத்து எவ்வளவு காலம்தான் ஊகிப்பது?”

லோத்தே அவளுடைய முகத்தைப் பார்த்தாள், உண்மையாகவே இரங்கினாள். பிறகு ஒரு நல்ல யோசனை வந்தவள் போல எழும்பினாள். உங்கள் கணவருக்குப் புதிதாக வந்த லிஃப்ட் வேண்டாம், என்றாள். இங்கே சோதனையைத் தாண்டி நின்றவற்றில் மிகவும் கூடுதலாகத் தூக்கினது ஒன்று இருக்கிறது, அதை அனுப்புகிறேன். மற்றவை தாங்கும் என்று நாங்கள் சொல்கிறோம், இது தாங்கியே காட்டியிருக்கிறது.

ரகுராம் வாயைத் திறந்தான். பட்டதெல்லாம் உள்ளே கூடிக்கொண்டே போகும் என்று சொன்னவன் அவன்தான், அதிகம் பட்டதுதான் முதலில் முறியும். லோத்தே அவனைப் பார்த்துச் சிரித்தாள், அவனுடைய விசா நீட்டிப்புப் பத்திரம் தன் மேசையில் இருப்பதை அன்போடு நினைவுபடுத்தினாள். ரகுராம் வாயை மூடினான்.

லிஃப்ட் வந்தது. கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. கூடவே, ஒவ்வொரு தூக்கலிலும் எவ்வளவு பாரம் என்று நிலையத்துக்கு அறிவிக்கிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் அதில் பொருத்தியிருந்தார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் டெனிஸ்ரனின் கட்டிலில் குனிந்து, இந்த ஆய்வில் பங்குபெறச் சம்மதமா என்று முறைப்படி கேட்டார். டெனிஸ்ரன் சம்மதித்தான். வேறு என்ன சொல்வான்?

அங்கே வேலை செய்த நிறோஷினி, இக்காஸ்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழைத் தேடித் தேடிப் பேசுகிறவள். அவளிடம் மேரிகிறேஸ் மெதுவாகக் கேட்டாள், நீயும் நானுமாகக் கையாலேயே தூக்கிவிட்டால் என்ன என்று.

“ஏலாது அன்ரி. கையால தூக்க எங்களுக்கு forbudt, அது... தடை. கண்டா வேலை போயிடும்.”

“அப்ப படுத்தே இருக்கட்டும்.”

“டாக்டர் இருத்தச் சொல்லியிருக்கிறார் எல்லோ அன்ரி.”

தூக்காவிட்டால் நெஞ்சு. தூக்கினால் இந்த இரும்புக் கை. நிறோஷினி துணியைக் கீழே செருகி, கொக்கியில் மாட்டி, பொத்தானை அழுத்தினாள். டெனிஸ்ரன் கட்டிலை விட்டு எழும்பினான். ஒரு சாண், இரண்டு சாண். உச்சிக்குப் போனதும் லிஃப்ட் முனகியது. இரும்புக் கை ஒரு விரலளவு கீழே இறங்கி நின்றது. ஒன்றும் உடையவில்லை. டெனிஸ்ரனின் நல்ல கை காற்றில் எதையோ தேடியது.

மேரிகிறேஸ் யோசிக்கவில்லை. குனிந்து, அவனுடைய முதுகுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். முனகல் நின்றது. நிறோஷினி பார்த்தாள், பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு பணியாளர் தூக்கத்தான் தடை. மனைவியைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். விடிவதற்கு முன்பே சைக்கிளில் போவாள். மழை, பனி, காய்ச்சல், எதுவானாலும் போவாள். அவள் வரும்வரை நிறோஷினி ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு நிற்பாள். கட்டிலில் இருந்து நாற்காலிவரை அவனுடைய பாரத்தில் ஒரு பங்கு அவளுடைய கையில். முனகல் கூடக் கூட அந்தப் பங்கும் கூடியது. முதலில் கைதான் வலித்தது, பிறகு தோள், பிறகு குனிந்தால் நிமிர நேரம் எடுத்தது. டெனிஸ்ரனுக்கு மூச்சு நன்றாக வந்தது. அவளைக் கண்டால் ஓம் என்பான், அந்த ஓம் மட்டும் வேறு மாதிரி இருக்கும்.

மற்ற இல்லங்களில் ஒன்றிரண்டு லிஃப்டுகள் பேசத் தொடங்கிவிட்டன என்று கேள்வி. ஆட்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, பிள்ளைகளே, நீங்களும் கேட்காதீர்கள். ஆனால் டெனிஸ்ரனைத் தூக்கிய மிகவும் கிழமான லிஃப்ட், எல்லோருக்கும் முன்னே விழ வேண்டியது, விழாமல் நின்றது. அதன் கோடு மட்டும் ஒரு கணக்குக்கும் அடங்கவில்லை. மணல் மூட்டையைத் தூக்கி ஓய்ந்துபோன மெசின், ஒரு முழு மனிதனைத் தூக்கும்போது எப்படி வரவர இளமையாகிறது? கறுப்புப் பெட்டியைப் பார்த்தார்கள். டெனிஸ்ரனின் பாரம் தினமும் காலையில் குறைந்துகொண்டே வந்திருந்தது.

ஒருநாள் விடியக் கதவைத் தட்டிவிட்டு லோத்தே உள்ளே வந்தாள். பின்னால் ரகுராம். அப்போது டெனிஸ்ரன் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தான், கீழே மேரிகிறேஸ் குனிந்து நின்றாள். அவள் திடுக்கிட்டுக் கையை எடுக்கப் பார்த்தாள்.

“வேண்டாம், எடுக்க வேண்டாம்,” என்றாள் லோத்தே. குரல் கோயிலில் பேசுவது போலத் தணிந்திருந்தது. “நாங்கள் இவ்வளவு காலமும் தேடியது இதைத்தான். ஒவ்வொரு நாளும் தானே மாறுகிற, தானே வளர்கிற அழுத்தம். எவ்வளவு அழகு. நீங்கள் பயப்படாதீர்கள், மேரிகிறேஸ். உங்களையும் நாங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம்.”

ரகுராம் யன்னல் விளிம்பில் கணினியைத் திறந்து வைத்தான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல், கைகளைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், நடுங்குகிற முழங்காலைப் பார்த்தான். எதையோ தட்டினான். புதிதாக ஒரு கோடு தொடங்குவதற்கு இடம் விட்டான்.

“ஆன்ட்டி,” என்றான், “தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு வயசு என்ன?”

டெனிஸ்ரன் இன்னும் காற்றில்தான் இருந்தான்.